அட்வான்ஸ் கேட்டால் அடி விழும் வீடு

அந்த அம்மாவுக்குக் கோபம் வரும் என்று சொன்னால் அது பொய். வருகிற கோபம் போகவும் செய்யும். அந்த அம்மாவிடம் கோபம் குடியிருந்தது, வாடகையும் இல்லாமல், அட்வான்ஸும் இல்லாமல். நாங்கள் ஐந்து பேர் இரண்டையும் கொடுத்துவிட்டு அதே வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம்.

பெரம்பலூரில் துறையூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெருவில் இருந்தது அந்த வீடு. பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. நான் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, காயம் கழுவிக் கட்டுவது, ஆள் இல்லாத நேரத்தில் தையல் போடுவது எல்லாம் என் வேலை. வீட்டின் முன்கட்டில் அந்த அம்மாவும் புருஷனும் இருந்தார்கள். பிள்ளை கிடையாது. நடுவில் முற்றம், கிணறு. பின்கட்டில் வரிசையாக ஐந்து ரூம்கள். பக்கத்துக் காலி இடத்தில் மூங்கில் தட்டி கட்டிக் கீற்று வேய்ந்த வெங்காயப் பட்டறை. சுற்றுவட்டாரத்தில் சின்ன வெங்காயத்தை வாங்கிப் பட்டறையில் போட்டு வைத்து, விலை ஏறும்போது விற்பது அந்த அம்மாவின் தொழில். எங்கள் சட்டை, தலையணை, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் வெங்காய வாசனை அடிக்கும்.

ஒடிசலான உடம்பு. நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பல் இரண்டு இல்லை. கேட்டால் மாடு முட்டிவிட்டது என்பார்.

நான் ரூம் கேட்டுப் போன அன்றைக்கு வாசலில் ஒரு வெங்காயத் தரகர் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எதிரே அந்த அம்மா இரண்டு கிலோ எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மூட்டைக்குள்ள மண்ணாங்கட்டிய போட்டு எடை காட்டுறான். எனக்கு! என் வாசல்ல வந்து!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் ஏதோ பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி. "நீ யாரு?"

"ரூம் கேட்டு வந்தேங்க."

"இருக்குது. இரு, இவனை அனுப்பிட்டு வரேன்."

அனுப்புவது என்றால் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளி முதுகில் ஒன்று வைப்பது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் என் கைக்குட்டையால் தரகரின் மண்டையைக் கட்டி ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். திரும்புவதற்குள் புருஷன்காரர் வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, படிய வாரிய தலை, வாய் நிறைய வெற்றிலை. "வாங்க தம்பி, வாங்க" என்று தோளில் கை போட்டு ரூமைக் காட்டினார்.

"அவ வாய்க்கும் கைக்கும் நீங்க எதுக்கு ஆளாவணும்? எதுவா இருந்தாலும் எங்கிட்ட வெச்சுக்குங்க. வூட்டுல ஆம்பள நான் இருக்கேன்ல?"

அட்வான்ஸ் பணத்தை அவர் கையில்தான் கொடுத்தேன். ரசீது கேட்கிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. கேட்டால் ஆளை நம்பவில்லை என்று அர்த்தம். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் சொருகினார். அந்தப் பெண்பிள்ளையிடம் பேரம் பேசாமல் தப்பித்தோமே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வீடு அந்த அம்மாவுக்கு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு செங்கல்கூடப் புருஷன் பேரில் இல்லை. இது எனக்குக் குடிவந்த பிறகுதான் தெரியும். எனக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் இதே தப்பைத்தான் செய்தார்கள். வேட்டி கட்டியவர் கையை நீட்டினால் அவர்தான் வீட்டுக்காரர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும். புது ஆள் வருகிறான் என்று மூக்கில் வேர்த்துவிடும் அவருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கே போய் மடக்கிவிடுவார். வாங்குகிற பணம் பருத்திக் கடைகளுக்குப் பின்னால் நடக்கும் சீட்டாட்டத்துக்குப் போகும்.

அந்த அம்மா அதிகம் பேசமாட்டார். "சொன்னா மறந்துடுவான். வாங்குனா மறக்கமாட்டான்" என்பதுதான் அவர் அடிக்கடி சொல்கிற நீளமான பேச்சு. ஆயுதம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் கையில் இருப்பது எதுவோ அது. கரண்டி இருந்தால் கரண்டி, வாளி இருந்தால் வாளி, தராசுக் கோல் இருந்தால் தராசுக் கோல். எங்கள் ரூம்களுக்குள் வரும்போது கதவைத் தட்டமாட்டார். தன் வீட்டுக் கதவைத் தானே எதற்குத் தட்டவேண்டும்? விடிந்தும் எரிகிற பல்பைக் கண்டால் உள்ளே வந்து, தூங்குகிறவன் காலில் ஒரு மிதி மிதித்துவிட்டு சுவிட்சை அணைப்பார்.

கடைசி ரூமில் ஒரு டீச்சர் இருந்தார். லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் அவர் வருகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒருவன் அவர் பின்னாலேயே தெருமுனை வரை வந்து, பிறகு வாசல்வரை வந்து, ஒருநாள் இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த அம்மா பட்டறையிலிருந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டை அவன் விரல்களோடு சேர்த்து இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவன் அலறுகிறான், தெருவே கூடிவிட்டது, அந்த அம்மா சாவகாசமாகக் கொண்டையை முடிந்துகொண்டிருக்கிறார். மறுநாள் அவனுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டது நான்தான்.

"எப்படிப்பா ஆச்சு?"

"கேக்காதீங்க சார். கேட்டுல நசுங்கிடுச்சு."

டீச்சர் மட்டும் எங்களிடம் சொல்லுவார்: "நீங்கல்லாம் அந்த அம்மாவைப் பாத்துப் பயப்படுறீங்க. நான் இந்த வூட்டுல கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறேன்." அது எங்களுக்கு ஏறவில்லை.

நான் குடிபோன வருஷமே பஞ்சாயத்து யூனியனில் வேலை பார்த்த ஒரு கிராமசேவக் ரூமைக் காலி செய்தார். பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய், "அக்கா, அட்வான்ஸ்..." என்று இழுத்தார்.

"எவங்கிட்ட குடுத்த?"

"அண்ணங்கிட்டதான்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். "காலையில வா" என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாத்திரம் உருண்டது. சாய்வு நாற்காலி உடைந்தது. "எவன் காசுடா அது? அவன் வவுத்துக் காசு! அவன் வவுத்துக் காசு!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை சொன்னார். புருஷன்காரர் முதலில் சமாதானம் சொன்னார், பிறகு கெஞ்சினார், பிறகு வெறும் ஓசைதான் வந்தது. நாங்கள் ஐந்து பேரும் அவரவர் ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் கிராமசேவக் கையில் முழுப் பணமும் வந்தது, வெங்காயம் விற்ற பணம். என் ரூமுக்குக் காது கிழிந்த புருஷன்காரர் வந்தார். தைத்தேன். ஊசி ஏறும்போதெல்லாம் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பொறந்த வூட்டுத் திமிரு தம்பி. அப்பன் எழுதி வெச்ச வூடுங்கிற திமிரு. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

எனக்கு அந்த அம்மாவின்மேல் வெறுப்பாக வந்தது. இதெல்லாம் ஒரு பெண்ஜென்மமா என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொரு ஆள் காலி செய்யும்போதும் புருஷன்காரருக்கு எங்காவது கிழியும், நான் தைப்பேன். ஒருநாள் பொறுக்காமல் போய்க் கேட்டுவிட்டேன்.

"ஒரு மனுஷனைப் போட்டு இப்படி அடிக்கலாமாங்க? செத்துகித்துப் போயிட்டா?"

எடைக்கல் பறந்து வந்து என் காதோரம் கதவு நிலையில் மோதி விழுந்தது. "உனக்குத் தைக்கத் தெரியும். தைச்சிட்டுப் போ" என்றார். நான் தைக்கப் போய்விட்டேன்.

பாவம், ஒரு மனுஷன் அடிபடுகிறாரே என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலி செய்கிறவன் அட்வான்ஸைக் கேட்கமாட்டான். ஊரெல்லாம் செய்கிற மாதிரி, கடைசி மாதங்களில் வாடகை கொடுக்காமல் அதில் கழித்துக்கொள்ளலாம் என்று பஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவர் முயன்று பார்த்தார். அந்த அம்மா கடப்பாரையோடு வந்து அவர் ரூம் கதவை நிலையிலிருந்து நெம்பி எடுத்துத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் சாத்திவிட்டார். அடுத்த வீட்டு ஆடுகள் மெக்கானிக்கின் படுக்கையில் ஏறிப் படுத்தன. "வாடகை வாடகை. அட்வான்ஸ் அட்வான்ஸ். ரெண்டையும் கலந்தீன்னா கலக்குன கையை ஒடைப்பேன்" என்றார். மெக்கானிக் அன்று மாலையே வாடகையைக் கொடுத்தார். கதவு திரும்ப வந்தது. காலி செய்கிற எண்ணத்தையும் விட்டுவிட்டார்.

இன்னொருத்தன் இன்னும் புத்திசாலி. அட்வான்ஸைக் கேட்காமலே விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்கு, வாலிகண்டபுரத்துக்குப் போய்விட்டான். அந்த அம்மா அங்கும் இங்கும் விசாரித்து பஸ் ஏறிப் போனார். அவன் வீட்டு வாசலில், அவன் பெண்டாட்டி, மாமனார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவனைப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டு ஓங்கி ஒரு அறை விட்டுப் பணத்தை அவன் கையில் திணித்தார். "உன் காசு என் வூட்டுல கெடந்து நாறணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து தராசைப் பிடித்தார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். வீட்டுக்குள் அன்று விழுந்த அடியைச் சேர்த்துச் சொல்லமாட்டோம்.

பிறகு என் முறை வந்தது.

என் மனைவி பிரசவத்துக்கென்று திருமானூரில் தாய்வீட்டுக்குப் போனவள். குழந்தை தவழ ஆரம்பித்தும் அங்கேயே இருந்தாள். ஒற்றை ரூமில் குடித்தனம் வைக்க முடியாது. நான் போகும்போதெல்லாம் மச்சான் நாலு பேர் முன்னால் வைத்துப் பேசுவார்.

"மாப்ளைக்கு வூடும் கெடையாது, வாசலும் கெடையாது. எந்தங்கச்சி என்ன தபாலா, போட்ட எடத்துலயே கெடக்க?"

கடைசியாகப் போனபோது என் பிள்ளை என்னைப் பார்த்து அழுதது. என் மனைவி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சநாள் போனால் அவள் வரவே மாட்டாள் என்று பட்டது.

அப்போதுதான் அரியலூருக்கு மாற்றல் வந்தது. அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு பார்த்தேன். சிமெண்ட் ஆலைக்காரர்கள் வந்து குவிந்த நேரம். வீடு காலி என்ற பேச்சு காற்றில் வருவதற்குள் ஆள் குடியேறியிருப்பான். மாசக் கடைசி வரை பொறுப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். பெரம்பலூரில் கொடுத்த அட்வான்ஸ் திரும்பினால்தான் அரியலூரில் கொடுக்க முடியும். என்னிடம் வேறு பணம் இல்லை.

எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது புருஷன்காரருக்கு. என் ரூமுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுடாதீங்க தம்பி. இந்தத் தடவை கேட்டீங்கன்னா கொன்னுபுடுவா. என்னைக் காவு குடுத்துட்டுத்தான் நீங்க குடித்தனம் வெக்கணுமா?"

அந்தக் காதை நான்தான் தைத்தேன். அந்தப் புருவத்தை நான்தான் தைத்தேன். மனசு கேட்கவில்லை. வட்டிக்கு எங்காவது புரட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் முற்றத்துக்குப் போனேன். பட்டறையிலிருந்து வெங்காயத்தை அள்ளி வந்து கொட்டி, கருக்கரிவாளால் தாளை அறுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் தராசும் கற்களும் கிடந்தன. புருஷன்காரர் ஒட்டுப்போட்ட சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அரியலூருக்கு மாத்திட்டாங்க. போயிட்டு வரேங்க."

"அட்வான்ஸ்?"

"நான் அட்வான்ஸே குடுக்கலீங்க."

அரிவாள் கீழே போனது. கை வந்தது. அந்த வீட்டில் நான் வாங்கிய முதல் அடி அது. கண்ணில் பூச்சி பறந்தது.

"அட்வான்ஸ் குடுக்காம எவன்டா என் வூட்டு ரூம்ல பூந்தான்? பாவம் பாக்குறியா? பெரிய புண்ணியவான்! நீங்க ஒவ்வொருத்தனும் பாவம் பாவம்னு வுட்டுட்டுப் போயிதான்டா இவன் அடுத்தவன்கிட்ட கையை நீட்டுறான். உன் பொண்டாட்டி அங்க அண்ணங்கிட்ட பேச்சு வாங்கிட்டுக் கெடக்குறா, நீ இங்க இவனுக்குத் தானம் பண்ற!"

என் மனைவி விஷயம் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் அவர் புருஷனின் தலைமயிரைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே போட்டார். தராசுக் கோலை உருவினார். "எவ்வளவு வாங்குன? சொல்லு! எவ்வளவு வாங்குன?" முதுகு, தோள், தொடை. கோல் வளைந்துபோயிற்று. வளைந்த கோலாலேயே அடித்தார். அவர் வாயிலிருந்து ரத்தம் வெற்றிலைச் சாறோடு கலந்து வழிந்தது.

மெக்கானிக்கும், உர டிப்போவில் கிளார்க்காக இருந்த இன்னொருவரும் ரூமிலிருந்து ஓடி வந்தார்கள். "இன்னைக்கு ஆளு செத்துருவாருடா!" என்று கத்திக்கொண்டே ஆளுக்கொரு கையாக அந்த அம்மாவைப் பிடித்துப் பின்னால் முறுக்கினார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அடிக்கிறவரைப் பிடித்தால் அடி நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த அம்மா திமிறினார். "வுடுங்கடா, வுடுங்கடா டேய்!" என்றார். அந்தக் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

புருஷன்காரர் எழுந்தார். வாயைத் துடைத்தார். அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். குனிந்து அந்தக் கருக்கரிவாளை எடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கடைக்குப் போகிறவர் மாதிரி நாலு எட்டு நடந்து வந்து அந்த அம்மாவின் தோளில் வெட்டினார். இரண்டாவது வெட்டு மேல்கையில் விழுந்தது. பிடித்திருந்த இரண்டு பேரும் அதிர்ச்சியில் விறைத்துப்போய், அப்போதும் பிடியை விடவில்லை. மூன்றாவதாகக் கழுத்துக்குக் குறிவைத்து ஓங்கினார்.

தரையில் கிடந்த எடைக்கல்லை எடுத்து அவர் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் என் தொழிலில் எனக்குப் பழகிய சத்தம். அரிவாள் விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே இடத்தில் இன்னொரு தடவை இறக்கினேன். அதுவரை நான் யாரையும் அடித்ததில்லை. அந்த இரண்டாவது அடி எனக்கு இனித்தது. அவர் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார்.

கிணற்றுக் கட்டில் உட்காரவைத்து அந்த அம்மாவுக்குத் தைத்தேன்.

"மரப்பு ஊசி ஆஸ்பத்திரியிலதாங்க இருக்கு. அங்க போயிடலாம்."

"ரத்தம் போவுது. பச்சையாவே தை."

தைத்தேன். கிணற்றுக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். பல் இல்லாத இடத்தில் கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. பாதியில் கயிற்றைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"மாடு முட்டல. இவன்தான் பல்லை ஒடச்சான், பம்பு ராடால. நீங்கள்லாம் வர்றதுக்கு முந்தி இந்த வூட்டுல அடி வாங்குனது நான்டா. ஒருநாள் திருப்பி அடிச்சேன், நின்னுச்சு. கையை எறக்குனா மறுபடி ஆரம்பிச்சுடுவான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

மெக்கானிக்கும் கிளார்க்கும் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணுங்க. அட்வான்ஸ் தேடி வரும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, வெங்காயத் தாள் அறுக்கும்போது பட்டுவிட்டது என்றார். "தோள்பட்டையிலயா தாள் அறுத்தீங்க?" என்றார் டாக்டர். "எங்க வூட்டுல அப்படித்தான்" என்றார் அந்த அம்மா. போலீஸ் வரவில்லை. அந்த அம்மாவைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் வெறுங்கையோடு அரியலூருக்குப் போய் வேலையில் சேர்ந்தேன். ரயில்வே கேட் வீட்டுக்கு ஒரு சிமெண்ட் ஆலை சூப்பர்வைசர் குடிபோனார். நான் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். திருமானூருக்குப் போகிற தைரியமே எனக்கு இல்லை.

ஒருநாள் பஸ்ஸில் மெக்கானிக்கைப் பார்த்தேன். தையல் பிரிப்பதற்கு முன்பே அந்த அம்மா பட்டறையைத் திறந்து, விலை ஏறும்வரைகூடப் பொறுக்காமல் அத்தனை வெங்காயத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம். டிப்போ வாசலில் கிளார்க்குக்கும், பஸ் ஷெட்டுக்கே வந்து இவருக்கும் அட்வான்ஸை முழுசாக எண்ணிக் கொடுத்தாராம்.

"அடிச்சாங்களா?"

"இல்ல சார். அதான் எனக்குத் தாங்கல" என்றார் மெக்கானிக். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம், காலையில் கட்டுப் போடுகிற அறையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, வரிசையைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா வந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பின்னால் துண்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு புருஷன்காரர். இவரை எதற்கு மறுபடி சேர்த்துக்கொண்டார்?

அந்த அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"எண்ணு."

எண்ணினேன்.

"சரியா இருக்கா?"

"இருக்குங்க."

"பையில வை."

சட்டைப்பையில் வைத்தேன். பளார் என்று விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் நாலடி பின்னால் போனார்கள்.

"இது எம்புருசன் கையை ஒடச்சதுக்கு."

"உங்களை வெட்டினாரேங்க!"

"என்னையத்தானே வெட்டுனான்? நான் பாத்துக்கறேன். ஒரு தடவை அடிச்ச, சரி. ரெண்டாவது எதுக்குடா அடிச்ச? சோத்தை அள்ள முடியல அவனுக்கு. நான்தான் ஊட்டுறேன், இந்தக் கையை வெச்சுக்கிட்டு. நீயா வந்து ஊட்டுவ?" என்றார். புருஷனைப் பிடித்து என் முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார். "எவனோ கோணலாக் கட்டிட்டான். நீ நேரா கட்டு. நான் வெளியில இருக்கேன்."

அந்த இரண்டாவது அடியை அந்த அம்மா எண்ணி வைத்திருந்தார். பழைய கட்டைப் பிரித்து, மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, புதுப் பட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன். பாதி சுற்றும்போது புருஷன்காரர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, பணம் முழுசா வந்துடுச்சுல்ல? அவளுக்குத் தெரியாம ஒரு பத்து ரூவா..."

பட்டியை இறுக்கினேன். ஆஸ்பத்திரியே அதிர அலறினார். அந்த அம்மா உள்ளே பாய்ந்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் மறு கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு கேட்டான்?"

"பத்து ரூவாங்க."

புருஷனுக்கும் ஒன்று விழுந்தது. நல்ல கையால்தான் அடித்தார். அடித்துவிட்டு, அவருடைய முறிந்த கையை அசையாமல் தன் மடிமேல் பிடித்துக்கொண்டு, "ம், கட்டு" என்றார். நேராகக் கட்டி முடித்தேன்.

அன்று மதியமே பெருமாள் கோயில் தெருவில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திருமானூருக்கு பஸ் ஏறினேன். இரண்டு கன்னமும் பன்னு மாதிரி வீங்கியிருந்தன. மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, வூடு கெடச்சுதா?"

"கெடச்சுது. அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்குது?"

"பழைய வூட்டுல அட்வான்ஸைத் திருப்பி வாங்குனேன் மச்சான்."

அவருக்குப் புரியவில்லை. உள்ளே என் மனைவி கொடியிலிருந்து குழந்தையின் துணிகளை உருவிப் பையில் வைக்க ஆரம்பித்திருந்தாள்.